ஆஃபரை ஏற்றுக்கொண்ட பிறகும் வீடு விளம்பரத்தில் நிற்கிறதா? இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஏஜென்ட் போன் செய்து, "உங்கள் ஆஃபரை ஏற்றுக்கொண்டார்கள்" என்று, அதாவது நாங்கள் சொன்ன விலைக்கு விற்பவர் சம்மதித்துவிட்டார் என்று, சொன்ன அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அத்தனை சந்தோஷம். மறுநாள் காலை ஆறு மணிக்கு வீட்டு விளம்பரத் தளமான ரைட்மூவைத் திறந்து பார்த்தால் அதே வீடு, அதே விலை, பின்பக்கத் தோட்டத்தில் துணி காயும் அதே படம். படத்தின் மேல் விற்றுவிட்டதாகச் சொல்லும் எந்தப் பட்டையும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பது போல இருந்தது. "அப்போ இது நமக்கு இல்லையா?" என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

நான்கு நாள் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கு நாளில் செய்திருக்க வேண்டிய வேலைகள் வேறு. அவற்றை இப்போது வீடு தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்து முறை வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏற்றுக்கொண்ட ஆஃபருக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு?

ஊரில் வீடோ மனையோ வாங்கிப் பழகியவர்களுக்கு இதுதான் முதலில் இடிக்கும். அங்கே விலை பேசி முடித்தால் கையோடு அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டுவிடுவோம். இங்கே பொதுவாக ஆஃபர் ஏற்கப்பட்ட நாளில் ஒரு பென்ஸ் கூடக் கை மாறாது, ஒரு கையெழுத்தும் கிடையாது. 1989-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் ஒன்றின்படி, நிலமோ வீடோ விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து நடைமுறைக்கு வருவது 'எக்ஸ்சேஞ்ச்' நடக்கும் நாளில்தான், அதாவது இரு தரப்பின் சொலிசிட்டர்களும் (வழக்கறிஞர்களும்) ஒப்பந்தப் பிரதிகளை மாற்றிக்கொள்ளும் நாளில். வழக்கமாக 10 சதவீத டெபாசிட்டும் அன்றுதான் போகும்.

ஆஃபர் ஏற்பிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை இரண்டு மூன்று மாதம் ஆவது சகஜம். லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகை) ஃபிளாட் என்றால் இன்னும் இழுக்கும். இந்த இடைவெளியில் விற்பவரும் விலகலாம், நீங்களும் விலகலாம், யாரும் யாருக்கும் நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை. வேறொருவர் கூடுதல் விலை சொல்லி, விற்பவர் அவர் பக்கம் சாய்ந்துவிடுவதை இங்கே 'கசம்பிங்' என்பார்கள். நியாயமாகத் தோன்றாது. ஆனால் சட்டவிரோதம் இல்லை.

ஆகவே விளம்பரத்தை எடுத்துவிட்டால் வீடு உங்களுடையதாகிவிடாது, எடுக்காவிட்டால் கை நழுவிவிடவும் செய்யாது. விற்பவர் மனதில் என்ன இருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்ற இரண்டும்தான் முக்கியம். முதலாவதை அறிய விளம்பரம் ஒரு தடயம், அவ்வளவுதான்.

முதலில் விளம்பரத்தைச் சரியாகப் படியுங்கள்

பக்கம் இணையத்தில் இருக்கிறது என்பது வேறு, வீடு இன்னும் விற்பனையில் இருக்கிறது என்பது வேறு. படத்தின் மேல் 'சோல்ட் எஸ்டிசி' அல்லது 'அண்டர் ஆஃபர்' என்று இருந்தால் பதற வேண்டாம். எஸ்டிசி என்றால் 'ஒப்பந்தத்துக்கு உட்பட்டு விற்கப்பட்டது' என்று பொருள். பல ஏஜென்டுகள் கம்ப்ளீஷன் வரை, அதாவது முழுப் பணமும் கட்டி வீடு கை மாறும் நாள் வரை, அந்தப் பக்கத்தை எடுக்கவே மாட்டார்கள். "இந்தத் தெருவில் நாங்கள் விற்றிருக்கிறோம்" என்று காட்ட அது அவர்களுக்கு உதவுகிறது.

சேமித்து வைத்த லிங்க்கைத் திறந்து பார்ப்பதை விட நல்ல சோதனை ஒன்று உண்டு. ரைட்மூவில் சாதாரணமாகத் தேடும்போது விற்பனை பேசி முடிந்த வீடுகள் பட்டியலில் வராது. அவற்றையும் சேர்த்துக் காட்டச் சொல்லித் தனியாக ஒரு பெட்டியை டிக் செய்ய வேண்டும். அதை டிக் செய்யாமல் உங்கள் பகுதியையும் விலையையும் கொடுத்துத் தேடுங்கள். அப்போதும் உங்கள் வீடு வந்தால், ஏஜென்ட் அதன் நிலையை இன்னும் மாற்றவில்லை என்று பொருள். வராவிட்டால் நிம்மதியாகக் காபி குடிக்கப் போகலாம்.

ஜூப்லா, ஆன்தமார்க்கெட் என்ற மற்ற இரண்டு விளம்பரத் தளங்களையும் ஒருமுறை பாருங்கள். ஓரிடத்தில் நிலை மாறி இன்னோரிடத்தில் மாறாமல் இருந்தால், அது பெரும்பாலும் தகவல் போய்ச் சேருவதில் வந்த தாமதம்தான்.

ஏன் இன்னும் நிற்கிறது?

பாதிக்கு மேல் சாதாரணக் காரணங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆஃபர் ஏற்கப்பட்டது, அதை மாற்ற வேண்டியவர் திங்கட்கிழமைதான் வருவார். அல்லது உங்கள் அடையாள ஆவணங்களும் பணத்துக்கான ஆதாரமும் வந்த பிறகுதான் மாற்றுவோம் என்று அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி ஏஜென்ட் வாங்குபவரையும் சோதிக்க வேண்டும் என்பதால், பல இடங்களில் எல்லாமே அதற்காகக் காத்திருக்கும். எங்கள் விஷயத்தில் நடந்ததும் இதுதான். பாஸ்போர்ட் நகல் கேட்டு வந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. நான்கு நாள் நான் அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, அவர்கள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

விற்பவர் இரண்டு ஏஜென்டுகளிடம் வீட்டைக் கொடுத்திருந்தால், இரண்டாமவருக்குச் செய்தியே போயிருக்காது. புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒரே மாதிரி வீட்டுக்கு ஒரே விளம்பரம் போட்டு, எல்லாம் விற்கும் வரை வைத்திருப்பார்கள். அது உங்கள் வீட்டைப் பற்றியதே அல்ல.

கவனிக்க வேண்டிய காரணம் ஒன்றே ஒன்று: விற்பவரே "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று சொல்லியிருப்பது. உங்கள் கடன் உறுதியாகவில்லை என்ற பயமாக இருக்கலாம். விலை இன்னும் ஏறுமா என்ற ஆசையாகவும் இருக்கலாம். எது என்று பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, கேட்டால்தான் தெரியும்.

கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்

போனில் கேட்டால் "கவலைப்படாதீங்க, பார்த்துக்கிறோம்" என்று சொல்வார்கள். அதில் பயனில்லை. மின்னஞ்சல் அனுப்புங்கள். கோபமோ கெஞ்சலோ வேண்டாம். நான் அனுப்பியதன் சாரம் இது:

"எங்கள் ஆஃபரை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. வீடு இன்னும் விற்பனைக்கு இருப்பதாகத் தளங்களில் தெரிகிறது. விற்பவர் வீட்டைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறாரா, தொடர்ந்து காட்டச் சொல்லியிருக்கிறாரா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். ஏற்கெனவே குறித்து வைத்த பார்வையிடல்கள் இருந்தால் அவை ரத்தாகுமா? எங்களிடமிருந்து ஏதாவது ஆவணம் பாக்கி இருந்தால் சொல்லுங்கள், இன்றே அனுப்புகிறோம். இதற்குப் பதில் வந்ததும் சர்வேக்கு ஏற்பாடு செய்கிறோம்."

கடைசி வரி முக்கியம். சர்வே என்றால் வீட்டில் குறை உண்டா என்று நாம் காசு கொடுத்து ஒரு நிபுணரை வைத்துப் பார்ப்பது. நீங்கள் பணம் செலவழிக்கத் தயார், ஆனால் பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று அது சொல்கிறது.

இப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டா என்று தயங்க வேண்டாம். இங்கே வீடு விற்கும் ஏஜென்டுகள் எல்லோரும் ஏதாவது ஒரு குறைதீர்ப்பு அமைப்பில் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். அவற்றில் ஒன்றான 'த பிராப்பர்ட்டி ஆம்புட்ஸ்மன்' வைத்திருக்கும் நடத்தை விதிகளில் இது நேரடியாகவே இருக்கிறது: ஆஃபர் ஏற்கப்பட்டதும் வீட்டைச் சந்தையிலிருந்து எடுப்பதா, தொடர்வதா என்று ஏஜென்ட் விற்பவரிடம் கேட்க வேண்டும். தொடர்வது என்றால் அதை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் வரை வரும் ஒவ்வொரு புது ஆஃபரையும் ஏஜென்ட் தாமதமின்றி, எழுத்தில், விற்பவரிடம் சேர்க்க வேண்டும். 1991-இல் வந்த உத்தரவு அது. இதில் ஒரே ஒரு விலக்கு: இன்ன ஆஃபர்களைக் கொண்டுவர வேண்டாம் என்று விற்பவரே எழுதிக் கொடுத்திருந்தால் சேர்க்க வேண்டியதில்லை. ஆகவே "விளம்பரத்தை எடுங்கள்" என்று கேட்பதோடு, "இனி வரும் ஆஃபர்கள் வேண்டாம் என்று விற்பவர் எழுதிக் கொடுப்பாரா?" என்றும் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிப்பவரின் மனம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பது உறுதி.

இன்னும் ஆஃபர் கொடுக்காத நிலையில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு நல்ல காலம். ஆஃபர் எழுதும்போதே நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள்: "ஏற்கப்பட்ட நாளிலேயே வீடு சந்தையிலிருந்து எடுக்கப்பட வேண்டும், புதுப் பார்வையிடல்கள் கூடாது." அந்த நேரத்தில் நம் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு அப்புறம் இருக்காது.

பதில் வந்த பிறகு

"மாற்றிவிட்டோம், இதோ மெமோரண்டம் ஆஃப் சேல்" என்று வந்தால் சரி. அந்தத் தாளில் விலை, இரு தரப்பின் பெயர், இரண்டு சொலிசிட்டர்களின் விவரம் எல்லாம் சரியா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அது சட்டப்படி யாரையும் கட்டாது. ஆனால் வேலை ஓடத் தொடங்குவது அதிலிருந்துதான்.

"சர்வே முடியும் வரை விற்பவர் விளம்பரத்தை வைத்திருக்க விரும்புகிறார்" என்று வந்தால், அதிலும் பொருள் இருக்கிறது. ஒருமுறை வாங்குபவர் கைவிட்டுப் போய் அடிபட்டவராக இருக்கலாம். அப்படியானால் ஒரு தேதி கேளுங்கள்: "சர்வே 12-ஆம் தேதி. அது நடந்த மறுநாள் எடுத்துவிடுவீர்களா?" தேதி சொல்பவரோடு தொடரலாம்.

"எக்ஸ்சேஞ்ச் வரை விளம்பரம் இருக்கும், பார்க்க வருபவர்கள் வருவார்கள்" என்று வந்தால், என் கருத்து இது: சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் பணம் கட்டாமல், வேறு வீடுகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். அந்த வீட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது நீங்கள் மட்டும் உங்கள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

செலவை வரிசைப்படுத்துங்கள்

எக்ஸ்சேஞ்சுக்கு முன் செலவழிக்கும் பணம், வீடு கை நழுவினால் பெரும்பாலும் திரும்பி வராது. சர்வே ஒன்றுக்கே பல நூறு பவுண்ட், கவுன்சில், தண்ணீர் வடிகால் பதிவுகளில் வீட்டைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்க்கும் தேடல்களுக்குச் சில நூறு, சொலிசிட்டர் செய்த வேலைக்கு ஒரு தொகை. எனவே அதிகச் செலவில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள். அடையாள ஆவணங்கள், மார்ட்கேஜ் முழு விண்ணப்பம், எந்தச் சொலிசிட்டரை வைப்பது என்ற விசாரிப்பு. விளம்பரம் பற்றிய எழுத்துப் பதில் வந்த பிறகு சர்வே. சர்வேயில் பெரிய குறை ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகு தேடல்கள். மிக அவசரம் என்றால் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யலாம். வேகம் கூடும், பணம் போகும் அபாயமும் கூடும். அது உங்கள் கணக்கு.

உண்மையான பாதுகாப்பு வேகத்தில் இருக்கிறது

விற்பவர் மனம் மாறுவதற்குப் பேராசை மட்டும் காரணம் இல்லை. "வாங்குகிறேன் என்றவரிடமிருந்து மூன்று வாரமாகச் சத்தமே இல்லை" என்ற எரிச்சலும் காரணம். அந்த மௌனம் பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்துதான் வருகிறது, அதுவும் பணத்தின் மூலத்தைக் காட்டும் இடத்தில். நம் ஆட்கள் பலர் இங்கேதான் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டெபாசிட் பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்பார். சம்பளத்தில் சேமித்தது என்றால் வங்கிக் கணக்கு விவரமே போதும். அப்பா ஊரிலிருந்து அனுப்பினார் என்றால், அது பரிசு, கடன் அல்ல, வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அவருடைய அடையாள ஆவணமும், அவருக்கு அந்தப் பணம் எப்படி வந்தது என்பதற்கான சான்றும் கேட்பார்கள். நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திரம் தமிழில் இருக்கும். அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். ஊரில் ஒரு பெரியவரை வங்கிக்கும் பத்திர அலுவலகத்துக்கும் அலைய வைத்து இதையெல்லாம் வாங்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். ஆஃபர் கொடுப்பதற்கு முன்பே இந்தக் காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

சீட்டுப் பணம் இன்னொரு சிக்கல். நண்பர்களுக்குள் போட்ட சீட்டில் எடுத்த தொகை ஒரே நாளில் கணக்கில் வந்து விழுந்திருக்கும். அது என்ன என்று கேட்டால் காட்ட ரசீது இருக்காது. ஒளிக்காமல், சொலிசிட்டரிடமும் மார்ட்கேஜ் ஆலோசகரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாதாமாதம் நீங்கள் கட்டியது வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த வரிகளை அடையாளமிட்டுக் கொடுக்கலாம். கையில் ரொக்கமாகக் கட்டியிருந்தால் அந்தப் பணத்தைப் பயன்படுத்த முடியாமலே போகலாம். அதை எக்ஸ்சேஞ்சுக்கு முந்தின வாரம் தெரிந்துகொள்வது பெரிய கொடுமை.

விசாவில் இருப்பவர்கள் விசா நிலையைக் காட்டும் ஷேர் கோடு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள். கேட்ட அன்றே அனுப்ப முடியும்.

விற்பவர் பக்கத்தில் இழுப்பது பெரும்பாலும் படிவங்கள். வீட்டைப் பற்றிய கேள்விகள் கொண்ட டிஏ6, எதை விட்டுச் செல்வார்கள் என்று சொல்லும் டிஏ10. ஃபிளாட் என்றால் கட்டட நிர்வாகத்திடம் வாங்க வேண்டிய தகவல் கட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு விற்பவர்தான் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும், வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரத்திலேயே "அதைக் கேட்டுவிட்டார்களா?" என்று ஏஜென்டிடம் விசாரியுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஏஜென்டுக்கும் சொலிசிட்டருக்கும் நான்கு வரி எழுதுங்கள்: என்ன முடிந்தது, என்ன பாக்கி, யாரிடம் பாக்கி. நான் செவ்வாய்க்கிழமைகளில் அனுப்பினேன். மூன்றாவது வாரம் ஏஜென்டே திங்கள் மாலை போன் செய்து நிலவரம் சொல்லத் தொடங்கினார்.

எழுத்தில் ஒரு தடுப்பு வேண்டுமென்றால்

'லாக்-அவுட்' ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட நாட்களுக்கு வேறு யாரோடும் பேரம் பேச மாட்டேன் என்று விற்பவர் ஒப்புக்கொள்வது. உங்களுக்கு விற்றே ஆக வேண்டும் என்று அது அவரைக் கட்டாது, மற்றவர்களைத் தள்ளி நிற்க வைக்கும், அவ்வளவுதான். காலம் திட்டவட்டமாக இருக்க வேண்டும், பதிலுக்கு நீங்களும் ஏதாவது தர வேண்டும். 1993-இல் இரண்டு வார லாக்-அவுட் ஒன்றை மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்று ஏற்றது. அந்த வழக்கில் வாங்குபவர் தந்தது, ஒப்பந்த வரைவு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் எக்ஸ்சேஞ்ச் செய்வேன் என்ற வாக்குறுதி. விற்பவர் அதை மீறினால் வீடு உங்களுக்குக் கிடைத்துவிடாது, நீங்கள் இழந்த செலவைக் கேட்கலாம். சொலிசிட்டர் எழுதித் தர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். விலை சூடாக ஏறும் பகுதியில், விற்பவர் தடுமாறுகிறார் என்று தோன்றினால் யோசிக்கலாம். எல்லோருக்கும் தேவையில்லை.

வீடு வாங்குபவருக்கான காப்பீடும் இருக்கிறது. கசம்பிங்கால் பேரம் முறிந்தால் சர்வே, சட்டச் செலவில் ஒரு வரம்பு வரை தரும். ஆஃபர் ஏற்கப்பட்டு எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பதைப் பாலிசியில் பாருங்கள்.

நிஜமாகவே ஒருவர் அதிகம் கொடுக்க வந்துவிட்டால்

ஏஜென்ட் போன் செய்து "இன்னொரு ஆஃபர் வந்திருக்கிறது" என்பார். உடனே தொகையை ஏற்றாதீர்கள். "எழுத்தில் அனுப்புங்கள், நாளைக்குள் பதில் சொல்கிறேன்" என்று சொல்லி போனை வையுங்கள். வராத ஆஃபரை வந்ததாகச் சொல்வதற்கு ஏஜென்டுக்குச் சட்டத்தில் அனுமதி இல்லை.

அப்புறம் உங்கள் நிலையை அடுக்கிச் சொல்லுங்கள். சர்வே முடிந்தது, மார்ட்கேஜ் ஆஃபர் வந்துவிட்டது, நம் பக்கம் விற்க வீடு எதுவும் இல்லை, இன்ன தேதிக்குள் எக்ஸ்சேஞ்ச் செய்ய முடியும். புதிதாக வருபவர் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும், விற்பவர் இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். தான் குடிபோக வேறொரு வீட்டை வாங்கிக்கொண்டிருக்கும் விற்பவருக்கு அந்த இரண்டு மாதம் சில ஆயிரம் பவுண்டை விடப் பெரிது. அதையும் மீறிப் போனால் போகட்டும். கடனுக்கு மேல் கடன் வாங்கித் துரத்த வேண்டாம்.

ஏஜென்ட் எழுத்தில் பதிலே தராமல் இழுத்தால், முதலில் அவர்களுடைய புகார் முறைப்படி எழுதுங்கள். 8 வாரத்தில் தீரவில்லை என்றால் அவர்கள் உறுப்பினராக இருக்கும் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். ஒன்று த பிராப்பர்ட்டி ஆம்புட்ஸ்மன், மற்றது பிராப்பர்ட்டி ரிட்ரெஸ். புகார் ஏஜென்டின் நடத்தை பற்றியதாக இருக்க வேண்டும். விற்பவர் மனம் மாறியதற்கு அவர்கள் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்காட்லாந்து, ஏலம்

ஸ்காட்லாந்தில் ஆஃபரைச் சொலிசிட்டர்தான் எழுத்தில் அனுப்புவார். 'மிஸ்ஸிவ்ஸ்' எனப்படும் கடிதங்கள் முடிவானதும் இரு தரப்பும் கட்டுப்பட்டுவிடுவார்கள். பொது ஏலத்தில் சுத்தியல் விழுந்த கணமே எக்ஸ்சேஞ்ச் ஆனது போல. இரண்டிலும் அதற்குப் பிறகு விளம்பரம் நின்றாலும் கவலையில்லை.

எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு

இப்போது விற்பவர் விலகினால் அது ஒப்பந்த மீறல். விளம்பரம் இருந்தாலும் யாரும் உள்ளே வந்துவிட முடியாது, அந்தப் பக்கத்தைத் தேடுவதை நிறுத்திவிடலாம். கம்ப்ளீஷனுக்குப் பிறகு மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். எங்கள் கையில் சாவி வந்து பத்து நாள் கழித்தும் படுக்கையறைப் படங்களும், வீட்டின் தள வரைபடமும், பின்கதவு எங்கே இருக்கிறது என்பதும் யாரும் பார்க்கும்படி இருந்தன. படங்களை எடுத்துவிடுங்கள் என்று ஏஜென்டுக்கு இரண்டு வரி எழுதினேன். அன்று மாலையே எடுத்துவிட்டார்கள்.